மிச்சம் பிடிக்கும் இடமும் பிடிக்கக்கூடாத இடமும்: சின்ன பட்ஜெட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

அண்ணன் மகன் போனில் கேட்ட முதல் கேள்வி: "அத்தை, ஐ7 பிராசஸர் போட்டுடலாமா?" நான் திருப்பிக் கேட்டேன்: "உன் மேசையில இருக்கிற மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்?" அவனுக்குத் தெரியவில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்து மாடல் எண்ணைப் படித்தான். 1080பி (1920×1080 புள்ளிகள்), 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை. அவனுக்கு என்ன வாங்குவது என்பதில் பாதி அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள். கம்ப்யூட்டர் பூட்டுவது சனி, ஞாயிறு வேலை. சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று இதுவரை பதினொரு பெட்டிகள் பூட்டியிருக்கிறேன். முதல் மூன்றிலும் ஏதாவது ஒரு தப்பு உண்டு. அதன் பிறகுதான் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க ஆரம்பித்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடதுபுறம் "அப்புறம் மாற்றலாம்", வலதுபுறம் "மாற்றினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்".

கிராபிக்ஸ் கார்டு இடதுபுறம் வரும். ஓரிரண்டு ஸ்க்ரூ, ஒரு பவர் கேபிள். பத்து நிமிஷத்தில் புதியது ஏறிவிடும். ரேமும் எஸ்எஸ்டியும் அப்படியே. மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினட் மூன்றும் வலதுபுறம். பிராசஸர் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும்: அதே சாக்கெட்டுக்குள் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) என்றால் எளிது, சாக்கெட் மாறினால் போர்டும் மாறும், பல சமயம் ரேமும் மாறும். காசு குறைவாக இருக்கும்போது இடதுபுறத்தில் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம். வலதுபுறத்தில் தாழ்த்தினால் இரண்டு வருஷம் கழித்து அதே காசை இன்னொரு தடவை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

முதலில் மானிட்டர்

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது 1080பியைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரைக்கு வரும் ஒரு முழுப் படம்) இத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு கணக்கிட்டு வரைய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேமை 16.7 மில்லிசெகண்டில் கொடுத்தால் போதும். 144 ஹெர்ட்ஸுக்கு 6.9 மில்லிசெகண்டில் கொடுக்க வேண்டும். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு நொடிக்கு 160 ஃபிரேம் தள்ளும் கார்டு வாங்கினால் பாதிக்கு மேல் முழுசாகத் திரைக்கு வந்து சேராது. மவுஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், அது உண்மைதான். ஆனால் கொடுத்த காசுக்கு அது போதாது.

அடுத்து, வரும் ஒரு வருஷத்தில் நிஜமாகவே விளையாடப்போகிற ஐந்து கேம்களின் பெயரை எழுதுங்கள். டிரெய்லர் பார்த்து ஆசைப்பட்டவை வேண்டாம். வேலரண்ட் மாதிரி போட்டி கேம்கள் சாதாரண கார்டிலேயே நன்றாக ஓடும். அங்கே ஃபிரேம் எண்ணிக்கையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் பிராசஸர். சைபர்பங்க் 2077 மாதிரி கேமில் கார்டுதான் மூச்சு வாங்கும். நகரம் கட்டுவது, தொழிற்சாலை கட்டுவது போன்ற கேம்களில் ஆட்டம் வளர வளர பிராசஸர் திணறும். அண்ணன் மகன் எழுதிய ஐந்தில் மூன்று போட்டி கேம்கள். "அப்புறம் எதுக்குடா ரே டிரேசிங் ரே டிரேசிங்னு உயிரை வாங்கின?" என்று கேட்டேன். வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம் மாதிரி வரைந்து கார்டைக் கசக்கும் வசதி அது. பதில் வரவில்லை.

காசைப் பிரிப்பது

மானிட்டர், கீபோர்டு எல்லாம் தனி. பெட்டிக்கு மட்டும் உள்ள காசை நூறு பங்காக வைத்துக்கொண்டால் என் நோட்டில் தொடங்கும் இடம் இது: கிராபிக்ஸ் கார்டுக்கு 40, பிராசஸருக்கு 16, போர்டுக்கு 12, ரேமுக்கு 9, பவர் சப்ளைக்கு 9, எஸ்எஸ்டிக்கு 8, கேபினட்டுக்கு 6. இது சட்டம் இல்லை. போட்டி கேம் மட்டும் ஆடுகிறவர் கார்டிலிருந்து ஐந்து பங்கைப் பிடுங்கி பிராசஸருக்குக் கொடுக்கலாம். ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் அந்த 9 எகிறிவிடும். ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள், அதனால் விலை அலை மாதிரி ஏறும், இறங்கும். அந்த மாதிரி நேரத்தில் கார்டைக் குறைப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்று பாருங்கள். பவர் சப்ளையின் 9-இல் மட்டும் கை வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு: ஒரே பெயர், இரண்டு சரக்கு

கார்டு வாங்கும்போது ஏமாறுவது பெரும்பாலும் பெயரில்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்று 8 ஜிபி கார்டு ஒன்று உண்டு, 6 ஜிபி கார்டு ஒன்றும் உண்டு. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைப்போம். 6 ஜிபியில் உள்ளே கோர்களும் (கணக்குப் போடும் அலகுகள்) குறைவு, மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டுக்கு இறங்கியிருக்கும். (அந்த 6 ஜிபி கார்டுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: 70 வாட்தான், தனி பவர் கேபிள் இல்லாமலே ஓடும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு உயிர் கொடுக்க அதைவிட எளிய வழி இல்லை.) ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை: 12 ஜிபி கார்டுக்கு 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். ஜிடி 1030-இல் டிடிஆர்4 போட்ட வகையின் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 வகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு நேர்மாறாக ஆர்டிஎக்ஸ் 4060 டிஐயில் 8, 16 இரண்டிலும் ஒரே சில்லு, மெமரி மட்டுமே வேறு. ஆக, பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜிபி, பிட், கோர் எண்ணிக்கை மூன்றையும் தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மெமரி விஷயத்தில் என் கணக்கு: 1080பிக்கு 8 ஜிபி கீழ்வரம்பு. புது கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் போர்த்தும் படங்களின் தரம்) உச்சத்தில் வைத்தால் 1080பியிலேயே சில சமயம் அது போதாமல் போகும். மெமரி நிரம்பினால் சராசரி எண் பெரிதாக விழாது. திரும்பும்போதெல்லாம் ஒரு குலுக்கல், சுவர்கள் களிமண் பூசின மாதிரி மங்கி, அப்புறம் மெதுவாகத் தெளிவது, இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். 1440பிக்குப் போகிற எண்ணம் இருந்தால் 12 அல்லது 16 ஜிபி பாருங்கள்.

ஒப்பீடு பார்க்கும்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பக்கத்தில் "1 சதவீத லோ" என்று ஒரு எண் இருக்கும். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 95, லோ 35 என்றால் அந்தக் கார்டோ பிராசஸரோ அடிக்கடி தடுக்கி விழுகிறது. சராசரி 80, லோ 62 என்கிற பெட்டியில்தான் நான் உட்கார்ந்து விளையாடுவேன்.

இன்னொரு விஷயம், பிசிஐ பாதை: கார்டும் பிராசஸரும் தரவு பரிமாறும் வழி. அதில் 3.0 என்பது 4.0-ஐவிடப் பழைய, மெதுவான பதிப்பு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கே பாதைகள், 4 ஜிபி மெமரி. பிசிஐ 4.0 போர்டில் சமாளிக்கும், 3.0-இல் போட்டால் நன்றாகவே அடிவாங்கும். இதை ரைசன் 5 5500 பிராசஸருடன் ஜோடி சேர்த்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். 5500-இல் இருப்பது 3.0 மட்டும். ஒன்றின் குறையை மற்றது சரியாகக் கண்டுபிடித்து அமுக்கும் ஜோடி அது! ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவற்றுக்கு எட்டுப் பாதைகள், 3.0-இல் போட்டாலும் இழப்பு சின்னது. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி கிடைக்கிறது. ஆனால் அதற்கு போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகவிடுவது) வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். பழைய பெட்டியில் செருகினால் எதிர்பார்த்த எண் வராது.

ஒரே சில்லை வைத்து ஒரு ஃபேன், இரண்டு ஃபேன், மூன்று ஃபேன் என்று பல கார்டுகள் வரும். வேகத்தில் அவற்றுக்குள் வித்தியாசம் சொற்பம். சத்தமும் சூடும் மாறும், அவ்வளவுதான். சின்ன பட்ஜெட்டில் இரண்டு ஃபேன் உள்ள சாதாரண வகை போதும். மூன்று ஃபேனுக்கும் விளக்குக்கும் கொடுக்கும் கூடுதல் காசில் பல நேரம் அடுத்த படிக் கார்டே வந்துவிடும்.

சின்னப் படத்தை வரைந்து பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் (என்விடியா), எஃப்எஸ்ஆர் (ஏஎம்டி) பற்றி நிறையப் பேசுவார்கள். 1080பி திரையில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி என்றால் உள்ளே வரைவது 1280×720 படம்; அதைப் பெரிதாக்கித் தருகிறது. 1440பியில் இது அருமையாக இருக்கும். 1080பியில் மூலப்படமே சின்னது என்பதால் தூரத்துப் புல், கம்பி வேலியெல்லாம் கொஞ்சம் குழையும். ஃபிரேம் ஜெனரேஷன் என்பது இடையில் இட்டு நிரப்பும் வேலை. ஏற்கெனவே 60 பக்கம் ஓடுகிற கேமை வழுவழுப்பாக்கும். 25-இல் திணறுகிற கேமில் எண்ணைக் கூட்டிக் காட்டும், கைக்கு அதே பாரம்தான் தெரியும். விளம்பர வரைபடங்களில் இந்த இரண்டையும் போட்டுத்தான் "இரண்டு மடங்கு" என்பார்கள். இவை இல்லாத எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பிராசஸர்: ஐ7 என்ற இரண்டெழுத்து

அவன் கேட்ட ஐ7-க்கு வருகிறேன். 2017-இல் வந்த ஐ7-7700-க்கு நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே சமயத்தில் ஓட்டக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை). 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் நான்கு கோர், எட்டு திரெட். பிந்தையதுதான் வேகம். போதாததற்கு, 7700 விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. "ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி" என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தலைமுறை எண்ணை மறைத்த பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இந்த மாதிரி தாத்தாக்கள்தான் இருப்பார்கள்.

சின்ன பட்ஜெட்டுக்கு ஆறு கோர், பன்னிரண்டு திரெட் என்பதே சரியான அளவு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600, இன்டெல்லில் ஐ5-12400எஃப், கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஏஎம்5-இல் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. 5500-உம் ஆறு கோர்தானே என்று கேட்பார்கள். அதில் எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600-இல் 32. கேம்களுக்கு இந்தக் கேச் நேரடியாகப் பேசும்.

இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வந்து சேரும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. கார்டு கெட்டுப்போனாலும் அதே கதி. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கப்போகிறீர்கள் என்றால் ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளே கிராபிக்ஸ் உள்ளதை எடுக்கலாம். வேலரண்ட் போன்றவை அதிலேயே ஓடும். ஆனால் அதிலும் கேச் 16 எம்பிதான், பிசிஐ 3.0தான். பின்னால் கார்டு போடும்போது அந்த விலையைக் கொடுப்பீர்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் (போர்டில் இருந்து முதலில் ஓடும் மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்தது. திருத்தம் இனிமேல் கெடாமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முந்தைய உரிமையாளர் எப்போது அப்டேட் செய்தார் என்பதை யார் கண்டது? 12400எஃப் இந்த வம்பில் இல்லை.

போர்டு

பளபளப்பைப் பார்க்காமல் சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்4 2016-இல் வந்தது; 2022-இலும் அதற்கு 5800எக்ஸ்3டி என்ற புது பிராசஸர் கிடைத்தது. என் நோட்டின் நான்காம் பக்கத்துப் பெட்டி அப்படித்தான் போர்டு மாறாமல் மூன்றாவது பிராசஸரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஏஎம்4 தன் பாதையின் முடிவுக்கு வந்துவிட்டது. ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏறும். ஐந்து வருஷம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றி ஓட்டுவேன் என்றால் ஏஎம்5. இருக்கிற காசில் இன்றைக்கே அதிக ஃபிரேம் வேண்டும் என்றால் ஏஎம்4, மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். இரண்டும் நியாயம்தான். எனக்கு என்று வாங்கினால் ஏஎம்5; அண்ணன் மகனுக்கு ஏஎம்4 சொன்னேன், அவன் காலேஜ் முடிக்கும்வரை ஓடினால் போதும் என்றான்.

ஏஎம்4-இல் பி550 போர்டு எடுத்தால் கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் பிசிஐ 4.0 கிடைக்கும், ஏ520-இல் 3.0. இன்டெல்லின் எச்610 போர்டுகளில் ரேமுக்கு வழக்கமாக இரண்டே இடம், ரேம் வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் விடாது. ஒரே சிப்செட்டில் (எச்610 போன்ற போர்டு வகை) டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் வரும், போர்டு வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் படிக்காமல் ரேம் வாங்காதீர்கள். பவர் வரும் பகுதியின் மேல் அலுமினிய ஹீட் சிங்க் இருக்கிறதா என்று படத்திலேயே பார்த்துவிடலாம்.

பயாஸ் விஷயம் என்னை ஒருமுறை அழ வைத்தது. இரண்டாவது பெட்டி. எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ரேமை மாற்றிப் போட்டேன், கார்டைக் கழற்றிப் போட்டேன், இரண்டு சாயங்காலம் போனது. போர்டில் இருந்த பயாஸ் அந்தப் பிராசஸர் பிறப்பதற்கு முந்தையது. பழைய பிராசஸர் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டு அப்டேட் செய்த பிறகுதான் உயிர் வந்தது. பிராசஸர் இல்லாமலே யூஎஸ்பியிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. அது இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் போர்டின் அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய பயாஸ் பதிப்பை, தயாரிப்பாளரின் பிராசஸர் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

ரேம்: ஒன்றை வாங்காதீர்கள்

16 ஜிபி என்றால் எட்டும் எட்டுமாக இரண்டு. ஒற்றைக் குச்சியாகப் போட்டால் மெமரிப் பாதை பாதியாகி, பிராசஸர் காத்துக் கிடக்கும். 1 சதவீத லோ அங்கேதான் விழும். உள் கிராபிக்ஸை நம்பியிருக்கும் பெட்டியில் இது இன்னும் கொடுமை. "இப்ப ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு" என்று வாங்கியவர்கள் அந்த இன்னொன்றை வாங்கி நான் பார்த்ததில்லை. நான்கு இடம் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள்.

டிடிஆர்4 என்றால் 3200 போதும், ஏஎம்5-க்கு டிடிஆர்5 6000 நல்ல அளவு. வாங்கினால் மட்டும் அந்த வேகம் வராது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்ய வேண்டும். என் சொந்தப் பெட்டியே 3200 ரேமோடு எட்டு மாதம் 2133-இல் ஓடியது. நோட்டில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கிறது.

பவர் சப்ளை

கேபினட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளை ஒன்றை என் முதல் பெட்டியில் போட்டேன். ஸ்டிக்கரில் "500" என்று பெரிதாக இருந்தது. ஆர்எக்ஸ் 570 கார்டு. கேம் தொடங்கி அரைமணி ஓடும், வெடிப்பும் புகையும் வரும் காட்சியில் பட்டென்று மொத்தமும் அணையும். டிரைவரை மாற்றினேன். விண்டோஸை இரண்டு தடவை நிறுவினேன். கார்டு மேல் சந்தேகப்பட்டு அதைக் கழற்றி இன்னொரு வீட்டுப் பெட்டியில் போட்டால் அங்கே ராஜா மாதிரி ஓடுகிறது. அப்புறம்தான் அந்தச் சின்ன எழுத்துப் பட்டியலைப் படித்தேன்: +12வி என்ற வரிசையில் 20 ஆம்ப். பன்னிரண்டை இருபதால் பெருக்கினால் 240 வாட். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி எண்ணெல்லாம் யாரும் பெரிதாகத் தொடாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கூட்டிக் காட்டியது. இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், ஒரு பெருக்கலைப் போடாமல் விட்டுவிட்டேன்.

அதனால் முதலில் அந்தப் பெருக்கல். நல்ல 550 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட்டில் மட்டும் ஏறக்குறைய அந்த முழு வாட்டும் கிடைக்கும். எவ்வளவு தேவை என்பதும் எளிய கூட்டல்தான். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ரைசன் 5 5600 உச்சத்தில் 76, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள். 268 வந்தது. கார்டுகள் மில்லிசெகண்ட் கணக்கில் சொன்ன அளவைத் தாண்டி இழுக்கும், வருங்காலக் கார்டும் பெரிதாக இருக்கலாம். ஆகவே 550. இதே பெட்டிக்கு 850 வாங்கச் சொல்கிறவர்கள் அந்த மிச்சத்தை உங்கள் கார்டின் பங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்குச் சான்று இல்லை. அதனால் அதை மட்டும் பார்த்து நிற்காமல், அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பிரித்து, சுமை ஏற்றிச் சோதித்த விமர்சனத்தைத் தேடுங்கள். வாரன்ட்டி ஐந்து வருஷமாவது இருக்கட்டும். கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிள் அதிலேயே வர வேண்டும். ஒரு 8 பின் 150 வாட்டுக்கானது, ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதென்றால், பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். வாய் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும். சொடுக்குகிற நேரத்தில் எஸ்எஸ்டி போய்விடும்.

மிச்சச் சாமான்கள்

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முடிந்தால் 1 டிபி. பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. நொடிக்கு 3,500 எம்பி படிக்கும் என்விஎம்இக்கும் (வேகமான எஸ்எஸ்டி வகை) 7,000 படிப்பதற்கும் கேம் லோடிங்கில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு வந்தாலும் தெரியும். சேமிப்புச் சில்லு டிஎல்சி வகையாகக் கிடைத்தால் எடுங்கள். க்யூஎல்சி வகை நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துவிடும்.

கேபினட்டுக்கு முன்பக்கம் வலை வேண்டும். முகத்தில் முழுக் கண்ணாடி போட்டது என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்து கேபினட் விவரத்தோடு ஒப்பிடுங்கள். 65 வாட் பிராசஸருக்குப் பெட்டியோடு வரும் கூலர் போதும், கொஞ்சம் சத்தம் போடும். டிரே வகை என்று மலிவாக விற்பதில் கூலர் வராது.

செகண்ட் ஹேண்ட்

பிராசஸர்தான் பயமில்லாமல் வாங்கக்கூடிய பழைய சாமான். ஏஎம்4-இல் கால்கள் பிராசஸரிலேயே இருக்கும், வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் கால்கள் போர்டின் சாக்கெட்டில், அதனால் பழைய போர்டு வாங்கும்போதுதான் கண் வேண்டும். ரேமும் பரவாயில்லை. பவர் சப்ளை மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

கார்டு என்றால் அதை ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கனமான கேம் ஒன்றை அரைமணி ஓட்டி, சூடு எங்கே போய் நிற்கிறது, ஃபேன் கரகரக்கிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று கவனியுங்கள். ஜிபியு-இஸட் என்ற சின்ன மென்பொருளில் கோர் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2,304 கோருக்குப் பதில் 2,048 கோர் உள்ள வகை ஒன்று உலாவுகிறது. மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்கும் வேலை) ஓடிய கார்டு என்றதும் ஓடிவிட வேண்டியதில்லை. ஃபேனும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், அதற்குத் தக்க விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

முதல் நாள்

மானிட்டர் கேபிள் கார்டில் போக வேண்டும், போர்டில் இல்லை. சிரிக்காதீர்கள், ஐந்தாம் பக்கத்துப் பெட்டிக்காரர் கார்டு வாங்கி ஒரு மாதம் "வேகமே இல்லை" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி, ரீசைசபிள் பார். கார்டு டிரைவர். ஒரு மணி நேரம் விளையாடிக்கொண்டே சூட்டைப் பார்ப்பது. ஃபிரேம் குறைவாக இருந்தால் ரெசல்யூஷனை இறக்கிப் பாருங்கள்: எண் ஏறினால் கார்டு தடுக்கிறது, அப்படியே நின்றால் பிராசஸர். மொத்தப் பிராசஸர் உபயோகம் 45 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம், ஒரே ஒரு கோர் முழுசாக மாட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கு அப்படித்தான் காட்டும்.

கடைசியில் அண்ணன் மகனுக்கு எழுதிக் கொடுத்தது: ரைசன் 5 5600, பி550 போர்டு, எட்டும் எட்டுமாக டிடிஆர்4 3200, செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6600, 550 வாட் பவர் சப்ளை, 1 டிபி என்விஎம்இ, விளக்கே இல்லாத வலை முகக் கேபினட். விளக்கு இல்லாததற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மிச்சமான காசில் சில மாதம் கழித்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கிவிட்டு, அன்று ராத்திரியே போன் செய்தான்.

"அத்தை, இதுக்கும் பழசுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே."

"டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட்னு ஒண்ணு இருக்கும், அதுல எத்தனை ஹெர்ட்ஸ்னு பாரு."

கொஞ்ச நேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. "60," என்றான்.